நம்மாளு திறந்த தண்ணீர்

மேட்டுக் குடியிருப்புக்குத் தனியாக ஒரு நீர்த்தொட்டி கட்டிவிட்டார்கள். பழைய வால்வுக் குழியில் மண்ணைக் கொட்டி நிரப்பி, மேலே சாலையும் போட்டாகிவிட்டது. அந்தக் குடியிருப்பின் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று யாராவது நினைத்தாலும் அந்த இடத்தில் திருகுவதற்கு இனி ஒன்றும் இல்லை. ஆகவே வால்வுக்காரரைப் பற்றி இப்போது எழுதலாம். உயிரோடு இருந்தவரை அவர் என்னை எழுத விடவில்லை.

நான் நீர்வழங்கல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். அவர் அதே அலுவலகத்தில் வால்வு திறப்பவர். கடைசி வருடங்களில் ஒரே வீட்டின் பின்பக்கத்தில் அடுத்தடுத்த அறைகளில் இருவரும் வாடகைக்கு இருந்தோம். நான் பார்த்ததைப் பார்த்ததாகவும், அவர் சொன்னதைச் சொன்னதாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். எப்போது பார்த்தாலும் சாலையோரம் ஏதாவது ஒரு குழிக்குள் குனிந்திருப்பார். வால்வு திறப்பவர்கள் சாவி என்று சொல்வது மார்பு உயர இரும்புக் கம்பி. கீழ்முனை வால்வின் தலையில் பொருந்தும், மேல்முனையில் குறுக்காக ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துச் சுற்றினால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் போகும், இன்னொரு தெருவுக்கு நிற்கும். சுற்றிவிட்டுக் கம்பியின்மேல் காதை வைத்துக் கேட்பார். தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

"அண்ணே, எங்க தெருவுக்கு எப்ப வரும்?" என்று குடத்தோடு நிற்பவர்கள் கேட்பார்கள்.

"இருங்க, கேட்டுச் சொல்றேன்."

"யார்கிட்டண்ணே கேப்பீங்க?"

"தண்ணிகிட்டதான்." காதைக் கம்பியில் வைத்துக்கொண்டே சொல்வார். "கௌம்பிட்டேன்னு சொல்லுது. உங்க தெரு முக்குல செருப்பு மாட்டுது."

மனைவி சீக்கிரம் போய்விட்டார். ஒரே மகள். அவளைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். அவர் திருகும்போது அவள் குழி மூடியின்மேல் உட்கார்ந்து பாடம் படிப்பாள். அவளுக்குத் தலை பின்னி விட்டதும் அவர்தான், காய்ச்சலில் பக்கத்தில் விழித்திருந்ததும் அவர்தான். அவள் அவரை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள். கல்யாணமாகிப் போன பிறகும் அப்படித்தான்.

அவளைக் கொடுத்தது மேட்டுக் குடியிருப்பில். கல்குவாரியில் உடைக்கிறவர்களும் ஏற்றுகிறவர்களும் இருக்கிற இடம். ஊருக்குத் தண்ணீர் போகும் வரிசையில் கடைசி. மாப்பிள்ளை லாரியில் கல் கொண்டு போய் வாரக்கணக்கில் வெளியூரில் கிடப்பவர். வீட்டில் மகளும் அவள் மாமியாரும்தான். அந்த அம்மாளின் வாய் ஊருக்கே தெரியும். வால்வுக்காரர் தெருவுக்குள் நுழையும்போதே வாசலில் நின்று ஆரம்பித்துவிடுவார்.

"வாங்க சம்பந்தி, வாங்க! பொண்ணக் குடுத்தீங்க, தண்ணியக் குடுக்கல. சீர்ல பாதி பாக்கி நிக்குது."

"உங்க வாய்க்குத் தண்ணி ஊத்தவே தனி லைன் போடணும் சம்பந்தியம்மா."

"போடுங்களேன்! போட வக்கில்ல, பேச்சு மட்டும் குழாய் ஒடஞ்ச மாதிரி. கையாலாகாத மனுஷன்னு உங்க தலையில எழுதி ஒட்டட்டா?"

தெருவே சிரிக்கும். அந்த அம்மாள் திட்டிக்கொண்டே தட்டில் சாப்பாடு போட்டு வைப்பார். இவர் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிட்டு முடிப்பார்.

அந்தக் காலத்தில் தண்ணீர் யாருக்குப் போனது என்பது எனக்கும் தெரியும். ஊர் நடுவே பெரிய வீடுகள் இருந்த தெருவில் வீட்டுக்கு ஒரு மோட்டார் வைத்துக் குழாயை உறிஞ்சினார்கள். அங்கே செடிக்குப் போனது போக மிச்சம்தான் மற்ற தெருக்களுக்கு. மேட்டுக் குடியிருப்புக்கு மிச்சத்திலும் மிச்சம். புகார் கொடுத்தால் ரசீது கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது.

அப்போதுதான் ஒரு புதுத் தலைவர் தேர்தலில் நிற்க வந்தார். அவருடைய பெயர் ஓட்டுத் தாளில் இருந்தது, வாயால் யாரும் சொல்லவில்லை. ஊர் முழுக்க 'நம்மாளு' என்றுதான் சொன்னார்கள். முதல் கூட்டத்தில் மேடை போடாமல் தண்ணீர் லாரியின்மேல் ஏறி நின்று பேசினார். நான் கேட்டேன். "உங்க வீட்டுக் குழாயத் தொறந்தா காத்து வருது. அவங்க வீட்டு நாயி ஷவர்ல குளிக்குது. நான் ஒண்ணும் பெருசாக் கேக்கல. அந்த நாய்க்கு உள்ள மரியாத எங்க அம்மாவுக்கும் வேணும்னு கேக்கறேன்." கூட்டம் சிரித்தது. பிறகு அழுதது. என் பக்கத்தில் நின்ற வால்வுக்காரர் இரண்டையும் செய்தார்.

நம்மாளு ஜெயித்தார். ஜெயித்த மாதத்திலேயே பெரிய வீடுகளின் மோட்டார்களை ஆட்கள் வந்து பிடுங்கிக் கொண்டு போனார்கள். எந்தச் சட்டத்தில், யாருடைய கையெழுத்தில் என்று எங்கள் பொறியாளர் ஒருவர் கேட்டார். அடுத்த வாரம் அவர் எங்கோ மாற்றப்பட்டார். நாங்கள் யாரும் வருத்தப்படவில்லை. பிறகு நம்மாளே மேட்டு வால்வுக்கு வந்து, சாவியின் ஒரு பக்கத்தைத் தானும் மறுபக்கத்தை வால்வுக்காரரும் பிடிக்க, கேமரா முன்னால் திறந்தார். மேட்டுக் குடியிருப்பில் முதல் தடவையாகக் குடம் நிரம்பி வழிந்தது. அதை நான் மறைத்து எழுத முடியாது. தண்ணீர் உண்மையாகவே வந்தது.

அந்தப் படம் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. வால்வுக்காரருக்கு அதன்பிறகு முகம் வந்தது. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். சம்பந்தியம்மாள் மட்டும் விடவில்லை. "படத்துல பாதி மூக்குதான் வந்திருக்கு சம்பந்தி. மீதி மூக்குக்கும் அடுத்த தேர்தல்ல ஏற்பாடு பண்ணுங்க."

மெல்ல மெல்ல மற்றவையும் வந்தன. அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசையை எடுத்தார்கள். அதற்குப் பதில் ஒரு தொலைபேசி எண். கூப்பிட்டால் நம்மாளின் குரலே பேசும்: "உங்கள் குறை என் குறை." அதற்கு மேல் ஒன்றும் பேசாது. நகரமன்றத்தைக் கலைத்தார்கள். மன்றம் என்றாலே வெட்டிப் பேச்சு, நேரடியாக மக்களிடமே பேசிக்கொள்கிறேன் என்றார் நம்மாளு. கைதட்டினார்கள். மோட்டார் பிடுங்கியதைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுதிய உள்ளூர்ப் பத்திரிகையின் அச்சகத்தை மின்கசிவு ஆபத்து என்று பூட்டினார்கள். இன்றுவரை அந்தக் கசிவு சரியாகவில்லை. எங்கள் அலுவலகத்தில் உத்தரவுகள் காகிதத்தில் வருவது நின்று வாயால் வர ஆரம்பித்தன. கொண்டு வருபவர் கட்சியின் வட்டச் செயலாளர். அவரை 'வட்டம்' என்றே அழைத்தோம். பொறியாளர் அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி வந்தது. கொஞ்ச நாளில் பொறியாளரின் நாற்காலியே அவருடையதானது. பொறியாளர் எதிரில் உட்கார்ந்தார்.

அடுத்த தேர்தலில் மேட்டுக் குடியிருப்பு நம்மாளுக்கு ஓட்டுப் போடவில்லை. கல்குவாரி நம்மாளின் மைத்துனர் கைக்குப் போய், இயந்திரம் வந்து, பாதிப் பேருக்கு வேலை போயிருந்தது. தனியாக நின்ற ஒரு பள்ளி ஆசிரியருக்குக் குத்தினார்கள். ஓட்டுகளைப் பெட்டி பெட்டியாக எண்ணுவதால் எந்தத் தெரு என்ன செய்தது என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். நம்மாளு எப்படியும் ஜெயித்தார். ஆசிரியர்மேல் ஒரு வழக்கு வந்தது. அவர் ஊரைவிட்டே போனார்.

இனி வருவது வால்வுக்காரர் என்னிடம் சொன்னது. மறுவாரம் வட்டம் அவரைக் கூப்பிட்டார். வட்டம் வயதில் இளையவர். இருந்தாலும் 'அண்ணே' என்று அழைத்தது வால்வுக்காரர்தான்.

"மேட்டு வால்வ மூடிடு."

"ரிப்பேராண்ணே?"

"ஆமா. ஓட்டு ரிப்பேரு."

வால்வுக்காரர் சிரித்துப் பார்த்தார். வட்டம் சிரிக்கவில்லை.

"எழுதித் தருவாங்களாண்ணே?"

"மூடறதுக்குக் கை போதும்யா. காகிதத்த வெச்சு என்ன சுத்தப் போற? மோட்டாரப் பிடுங்கச் சொன்னப்ப எழுதிக் கேட்டியா?"

"எம் பொண்ணு அங்க இருக்குண்ணே."

"தெரியும். அந்த வீட்டுக்குத் தெனம் ரெண்டு கேன் நான் அனுப்பறேன். படத்துல இருக்கிற ஆளு நீ. உன்ன விட்டுடுவோமா?" என்று தோளில் தட்டினார். "கொஞ்ச நாளைக்குத்தான். நாக்கு வறண்டா புத்தி தானா வரும்."

வால்வுக்காரர் போய் மூடினார். முழுவதும் மூடவில்லை. கடைசி இரண்டு சுற்றை விட்டுவைத்தார். குழாயில் சன்னமாக ஏதோ கசிந்துகொண்டிருக்கும். வட்டத்தின் கண்ணுக்கு மூடியதாகவும் இருக்கும், மேட்டில் குடிக்கவாவது கிடைக்கும். அதைத்தான் தன்னால் முடிந்த தைரியம் என்று நினைத்தார்.

மகள் ஒரு வாரம் பொறுத்தாள். கேன் வரும்போது தெருவே பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி, "உனக்கென்னம்மா, உங்கப்பா வீட்டுச் சீர் கேன்ல வருது" என்றாள். அன்றைக்கு வந்த கேனை மகள் திருப்பி அனுப்பினாள். வால்வுக்காரர் ஓடி வந்தார்.

"ஏம்மா திருப்பின?"

"நீதான மூடின?"

"மேல இருந்து சொன்னாங்கம்மா."

"மேல இருந்து வந்து அவங்களா சுத்தினாங்க? சுத்தினது உங்கை."

"முழுசா மூடல. ரெண்டு சுத்து விட்டிருக்கேன்."

"ரெண்டு சுத்துல என்ன வருது தெரியுமா? விடியிறதுக்குள்ள ஒரு குடம். பிள்ள பெத்தவ இருக்கா, படுக்கையில கெடக்கிறவரு இருக்காரு. முழுசாத் தொறந்துட்டு வா. இல்லன்னா நீ எனக்கு வேணாம். இந்த வாசல் பக்கமே வராத."

சம்பந்தியம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "விடுடி, பாவம். சம்பந்தி, அவ சொல்றத மனசுல வெச்சுக்காதீங்க. நான் சொல்றத வெச்சுக்குங்க. நீங்க ஆம்பளையா இருந்தா தொறந்து விடுங்க, இல்லன்னா சாவிய எங்கிட்டக் குடுங்க, நான் தொறக்கறேன்!" வழக்கம்போலத் தெரு சிரித்தது. வால்வுக்காரர் சிரிக்கவில்லை. அன்றைக்கு அங்கே சாப்பிடவும் இல்லை.

திறந்துவிடலாம் என்று தினமும் நினைத்ததாகச் சொன்னார். வேலை போகும், மோட்டார்க்காரர்களைப் போலத் தன் வீட்டுக்கும் ஆள் வருவார்கள், எல்லாம் தெரிந்தது. அதைவிட மகள் வாசலுக்குப் போக முடியாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. அடுத்த வாரம் திறக்கலாம் என்று வைத்திருந்தார்.

அந்த வாரத்துக்குள் மேட்டுக் குடியிருப்பில் எல்லாரும் சேர்ந்து பொதுவாக ஒரு மோட்டார் வாங்கினார்கள். கசிகிற தண்ணீரை இழுத்துத் தொட்டியில் ஏற்றலாம் என்று கணக்கு. இது வால்வுக்காரருக்குத் தெரியாது. அவர்தான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லையே. குழாய் நிரம்பி ஓடும்போது வெளியே இருப்பது உள்ளே வராது. குழாய் வெறுமையாக இருக்கும்போது மோட்டார் இழுத்தால், விரிசல் வழியாகப் பக்கத்தில் ஓடும் சாக்கடையைத்தான் அது குடிக்கும். முழுவதும் மூடியிருந்தால் யாரும் மோட்டார் வாங்கியிருக்க மாட்டார்கள். முழுவதும் திறந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார்கள். அவர் விட்டுவைத்த இரண்டு சுற்றுத்தான் அவர்களை வாங்க வைத்தது.

வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் நடைபாதையில் படுக்க வைத்தார்கள். சம்பந்தியம்மாள் முதல் ஆட்களில் ஒருவராக இறந்தார். அவரைப் போல இன்னும் சிலர். ஒரு கைக்குழந்தையும் உண்டு.

செய்தி கேட்டதும் வால்வுக்காரர் சாவியோடு மேட்டுக்கு ஓடினார். கம்பியில் காதை வைத்தாராம். தண்ணீர் போகிற சத்தம் இல்லை, உறிஞ்சுகிற சத்தம். வால்வை முழுவதும் திறந்து குழாயைக் கழுவிவிட வேண்டும் என்று கைப்பிடியைப் பிடிக்கும்போதே போலீஸ் வந்துவிட்டது. வால்வுக்கு அரக்கு வைத்து முத்திரை போட்டார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

காவல் நிலையத்தில் வட்டம் அவரைத் தனியாகப் பார்த்தார். இதுவும் வால்வுக்காரர் சொன்னதுதான்.

"நீயா மூடினேன்னு சொல்லிடு."

"நீங்க சொல்லித்தானண்ணே..."

"யாரு சொன்னா? எங்க எழுதியிருக்கு?" வட்டம் குரலை உயர்த்தவேயில்லை. "இங்க பாரு. விசாரணை முடியிற வரைக்கும் வால்வுல சீல் இருக்கும். நீ என் பேரச் சொல்லுவ, நான் இல்லம்பேன், கோர்ட்டு, அப்பீலு... அதுவரைக்கும் மேட்டுக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது. லாரியும் விட மாட்டோம். நீயா மூடினேன்னு சொல்லிட்டா விசாரணை அன்னைக்கே முடிஞ்சிடும். மறுநாள் நம்மாளே வந்து தொறப்பாரு. முழுசா."

"எதுக்கு மூடினேன்னு கேப்பாங்களே?"

"அதையும் யோசிச்சாச்சு. உனக்கும் அந்த சம்பந்திப் பொம்பளைக்கும் ஆகாது."

"ஐயோ, அது கேலிப் பேச்சுண்ணே! ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சது நீங்க ரெண்டு பேரும் நடுத்தெருவுல கத்திக்கிட்டது. சாட்சிக்கு ஆள் தேட வேணாம் பாரு."

"எம் பொண்ணு என்ன நெனைக்கும்?"

"உம் பொண்ணுக்குத் தண்ணி வேணுமா, அப்பன் வேணுமா? நீயே முடிவு பண்ணு."

விசாரணை பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நடந்தது. நான் போயிருந்தேன். அப்போது எனக்கும் உள்விவரம் எதுவும் தெரியாது. மேட்டுக் குடியிருப்பே வந்திருந்தது. மகள் முன்வரிசையில் இருந்தாள். விசாரணை அதிகாரி அவசரத்தில் இருந்தார்.

"வால்வை மூடச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் மூடினேன்."

"ஏன்?"

"சம்பந்திக்கும் எனக்கும் ஆகாது. தெருவுல வெச்சு ஆம்பளையான்னு கேட்டுச்சு. பாடம் கத்துக் குடுக்கலாம்னு..."

சாட்சிகளைக் கூப்பிட்டார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கையாலாகாத மனுஷன் என்றது, ஆம்பளையா என்று கேட்டது, சாப்பிடாமல் திரும்பிப் போனது எல்லாம் நடந்ததுதான். எழுதிக்கொண்டார்கள். சிரிப்பை யாரும் எழுதவில்லை.

மகள் எழுந்தாள். "அப்பா, பொய் சொல்லாத. அத்தை உனக்குத் தனியா எடுத்து வெக்காம ஒருநாள் சாப்பிட்டதில்ல. எங்க, என்னப் பாத்துச் சொல்லு."

அவர் பார்ப்பார் என்று நான் நினைக்கவில்லை. தலையைத் தூக்கி நேராக அவள் முகத்தைப் பார்த்தார். "ஆமாம்மா. எனக்கு அந்தப் பொம்பளையப் பிடிக்கல. அதான் மூடினேன்" என்றார்.

கூடத்தில் செருப்பு பறந்தது. மகள் மட்டும் அசையவில்லை. பிறகு உட்கார்ந்தாள்.

மறுநாள் நம்மாளு வந்தார். கேமராக்கள் வந்தன. முத்திரையைத் தன் கையாலேயே உடைத்து, சாவியைத் தனியாகவே சுற்றினார். குழாயைக் கழுவிவிட்டுப் பிறகு கொடுத்தார்கள்; நல்ல தண்ணீர், முழு வேகத்தில். அங்கிருந்து நேராக மகளின் வீட்டுக்கு நடந்து போனார். சம்பந்தியம்மாளின் படத்துக்கு முன்னால் நின்று எல்லாரும் பார்க்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளின் தலையில் கை வைத்து, "பெத்தவன் செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன். இனிமே உனக்கு நான்தாம்மா அப்பா" என்றார். அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். சாவு கண்ட ஜனம், தாகத்தில் கிடந்த ஜனம், எல்லாம் சேர்ந்து கைதட்டியது. அந்தப் படம்தான் பிறகு ஊரெங்கும் வந்தது. அடுத்த தேர்தலில் மேட்டுப் பெட்டியில் வேறு யாருக்கும் ஓட்டு விழவில்லை என்று சொன்னார்கள்.

வால்வுக்காரர் சிறையிலிருந்து வந்த பிறகுதான் என் பக்கத்து அறைக்கு வந்தார். வேலை இல்லை, பென்ஷன் இல்லை. ஒரு தண்ணீர்க் கேன் கடையில் கேன் கழுவிக் கொடுத்தார். அடையாளம் தெரிந்தவர்கள் அவர் கழுவிய கேனை வாங்கவில்லை. கடைக்காரர் அவரைப் பின்பக்கம் உட்கார வைத்தார். ஒரு மழை நாளில், வெளியே போக முடியாமல் இருவரும் அறையில் உட்கார்ந்திருந்தபோது, எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் போய் எழுதிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதி? சீல ஒடைச்சவனுக்கு மறுபடி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? வேணாங்க. தண்ணி வருதில்ல, வரட்டும். நான் இருக்கிற வரைக்கும் மூச்சு விடாதீங்க."

"மகள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொன்னீங்க?"

"பாக்காமச் சொன்னா அவ நம்பியிருக்க மாட்டா."

இன்னொரு நாள், கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "பெரிய வீட்டு மோட்டாரப் பிடுங்கினப்ப கேள்வி கேட்டாரே அந்த இன்ஜினியரு, அவரு நல்ல மனுஷன். அவர மாத்தினப்ப நான்தான் சந்தோஷத்துல டீ வாங்கிக் குடுத்தேன், எல்லாருக்கும். அந்த டீ நல்லாத்தான் இருந்துச்சு. யாரு மேல கோவப்படச் சொல்றீங்க?"

ஒரே ஒரு தடவை மகளைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான். அவள் குழாயடியில் இருந்தாள். இவரைப் பார்த்ததும் கத்தவில்லை, உள்ளே போகவில்லை. ஒரு டம்ளரில் பிடித்து நீட்டி, "வெயில்ல வந்திருக்கீங்க. குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் வேலையைப் பார்த்தாள். "என்ன 'நீங்க'ன்னு சொல்லிடுச்சுங்க" என்றார் என்னிடம். வேறு எதற்கும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நெஞ்சுவலியில்தான் போனார். ஆள் அனுப்பினோம். மகள் வரவில்லை, மாப்பிள்ளை மட்டும் வந்து நின்றுவிட்டுப் போனார்.

தொட்டி கட்டி முடித்து, வால்வுக் குழியை மூடிய பிறகு நான் மேட்டுக்குப் போனேன். மகள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்சுவரில் சம்பந்தியம்மாளின் படமும் அதன் பக்கத்தில் நம்மாளின் படமும் மாட்டியிருந்தன. நான் யார் என்று சொன்னேன். பிறகு காவல் நிலையத்தில் நடந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது. சாம்பலும் நுரையுமாக அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அப்பா எனக்காகவா அப்படிச் சொன்னாரு?"

"ஆமாம்மா."

"அத்தை மேல கோவம் இல்லையா?"

"கடைசி வரைக்கும் அந்த அம்மா சொன்ன ஜோக்கையெல்லாம் எங்கிட்டச் சொல்லிச் சிரிப்பாரு."

வெகுநேரம் அழுதாள். நான் காத்திருந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. வந்த வேலை முடிந்தது, அவருக்கு மகள் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அந்த வட்டம் இப்ப எங்க கட்சியில இல்லைங்க ஐயா. ஊழல்னு நம்மாளே வெளிய தள்ளிட்டாரு. பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட துரோகி. நம்மாளு பேரச் சொல்லிக்கிட்டு எங்கப்பாவ இப்படிப் பண்ணியிருக்கான்."

"வட்டம் மட்டும் இல்லம்மா..."

"நம்மாளுக்கு இது தெரிஞ்சிருக்காது ஐயா. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாரா? என் தலையில கைய வெச்சு மகள்னு சொன்னவரு." சட்டென்று எழுந்து உள்ளே போனாள். அவசரமாக எதையோ தேடுகிற சத்தம் கேட்டது. ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டு வந்து, நான் எழுதுவதற்கு வசதியாகக் கவிழ்த்த வாளியின்மேல் ஒரு பலகையை வைத்தாள்.

"எங்கப்பா பேர்ல இருக்கிற பழிய நீக்கச் சொல்லி நம்மாளுக்கு ஒரு மனு எழுதித் தாங்க. ஆபீஸ்ல எழுதினவரு, உங்க கையெழுத்து நல்லா இருக்கும். நானே நேர்ல கொண்டு போய்க் குடுக்கறேன். மகள்னு சொன்னா உள்ள விட்டுடுவாங்க."

நான் பேனாவைத் திறக்கவில்லை.

"என்ன ஐயா யோசிக்கறீங்க? 'உயிரினும் மேலான'ன்னு ஆரம்பிங்க" என்றாள். "அப்படி ஆரம்பிச்சாத்தான் அவரு முழுசாப் படிப்பாராம்."